மருமகளுக்கு: உன் அப்பாவின் ஒல்லாந்துக் குடும்பச் சின்னம் பற்றி

அன்புள்ள மருமகளுக்கு,

அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காக இணையத்தில் நீ வாங்கிய, கேடயத்தில் வரைந்த ஒல்லாந்து (நெதர்லாந்து) குடும்பச் சின்னத்தின் படம் கிடைத்தது. சிங்கம், வாள், தலைக்கவசம் எல்லாம் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுவதற்கு முன் இந்தக் கடிதத்தைப் படித்துவிடு.

சின்னம் குறிப்பிட்ட ஒரு குடும்பத்துக்கு உரியது. அதே குடும்பப் பெயர் வைத்திருக்கும் எல்லோருக்கும் அது சொந்தமாகாது. அந்நாளில் ஒல்லாந்தில் பலர் நம்மைப் போலவே தகப்பன் பெயரைத்தான் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். அதனால் ஒருவருக்கொருவர் சொந்தமே இல்லாத நூறு குடும்பங்களுக்கு ஒரே பெயர் வந்து சேர்ந்தது. இன்னொன்றும் உண்டு. இங்கிலாந்தில் சின்னங்களைப் பதிவு செய்ய 1484 முதல் அரச நிறுவனம் இருக்கிறது. ஒல்லாந்துக் குடியரசில் அப்படி ஓர் அதிகாரம் இருக்கவில்லை. வியாபாரியும் தச்சரும்கூடத் தமக்குப் பிடித்த கேடயத்தை வரைந்து முத்திரையில் வெட்டிக்கொள்ளலாம். ஆகவே கேடயம் இருந்தால் பிரபு வம்சம் என்று அர்த்தமில்லை, இல்லாவிட்டால் குறைவும் இல்லை.

சரி, எங்கே தொடங்குவது? சின்னத்தை விட்டுவிட்டு, முதலில் இலங்கைக்குக் கப்பலேறி வந்த உன் மூதாதையைத் தேடு. ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனி தன் கப்பலில் வேலைக்கு ஏறிய ஒவ்வொருவருக்கும் சம்பளக் கணக்கு எழுதியது. பெயர், பிறந்த ஊர், கப்பல், என்ன வேலை, எப்போது எங்கே கணக்கு முடிந்தது, இறந்தாரா, ஊர் திரும்பினாரா, எல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டுக்கு உரிய அந்தப் பேரேடுகள் ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, அவற்றின் அட்டவணையை இணையத்திலேயே தேடலாம். ஊரில் இருக்கும் மனைவிக்கோ தாய்க்கோ வருடத்தில் மூன்று மாதச் சம்பளம் வரை கொடுக்கச் சொல்லி எழுதிவைக்கும் வசதியும் இருந்தது. உன் மூதாதை அப்படிச் செய்தாரா என்பதும் அந்தக் கணக்கில் தெரியும். அவர் ஒல்லாந்தராகவே இருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்காதே. கம்பனியில் ஜெர்மானியரும் ஸ்கண்டிநேவியரும் பிரெஞ்சுக்காரரும் நிறையப் பேர் இருந்தார்கள்.

அவர் இலங்கைக்கு வந்தபின் என்ன ஆனார் என்பதற்குத் தேவாலயப் பதிவுகள்தான் வழி: ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம். கொழும்பில் 1908இல் தொடங்கிய ஒல்லாந்துப் பறங்கியர் (இப்படி வந்த ஐரோப்பியரின் வழித்தோன்றல்கள்) சங்கத்தின் சஞ்சிகையில் ஏராளமான குடும்பங்களின் வம்சாவளி அச்சாகியிருக்கிறது. உன் அப்பாவின் குடும்பமும் அதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மற்றப் பாதிக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். அந்தச் சங்கத்தில் சேர ஐரோப்பியத் தகப்பன் வழி தேவைப்பட்டது. பிறகு பறங்கியர் பலர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த காலத்திலும் ஐரோப்பிய இரத்தத்தைக் காட்ட வேண்டியிருந்தது. இந்தக் கட்டாயங்களால் ஆண் வழி பத்திரமாக எழுதப்பட்டது. பல வீடுகளில் பாட்டிமார் மங்கிப்போனார்கள். ஆனால் கம்பனிக் கப்பலில் குடும்பத்தோடு வந்த சாதாரணச் சிப்பாய்கள் மிகக் குறைவு. அவர்கள் இங்கேதான் பெண் எடுத்தார்கள். போர்த்துக்கேய வழிப் பெண்களையும் சிங்களப் பெண்களையும் தமிழ்ப் பெண்களையும் கட்டினார்கள். ஒல்லாந்தர் பதிவில் ஒரு பெரிய நன்மை, கலியாணத்துக்குப் பிறகும் பெண்ணைத் தகப்பன் வீட்டுப் பெயரிலேயே எழுதுவார்கள். சில பெண்களுக்கு ஞானஸ்நானப் பெயரும் அதற்குப் பின்னால் காலி, கொழும்பு, யாழ்ப்பாணம் என்று ஊரும் மட்டும் இருக்கும். அப்படி ஓர் ஊரைக் கண்டால் தாண்டிப் போகாதே. உன் அப்பாவுக்கு இந்த மண்ணோடு உள்ள உறவு அந்த வரியில்தான் இருக்கிறது.

காலிக் கோட்டைக்குள் இருக்கும் பெரிய தேவாலயத்துக்கு ஒருமுறை போய் வா. தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். தேய்ந்த எழுத்துக்கு மேலே கேடயம், அதன் மேல் தலைக்கவசம், சிலவற்றில் மண்டையோடு. சுவரில் இறந்தவர்களின் சின்னம் பொறித்த மரப்பலகைகள் தொங்கும். இரண்டு கேடயங்கள் சேர்ந்து வந்தால் பார்ப்பவருக்கு இடப்பக்கம் இருப்பது வழக்கமாகக் கணவனுடையது, வலப்பக்கம் மனைவியுடையது. வலப்பக்கத்தையும் குறித்துக்கொள்! கொழும்பு வுல்வெண்டால் தேவாலயத்திலும் இவற்றைப் பார்க்கலாம். எங்கள் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706இல் சிலுவை வடிவில் கட்டிய தேவாலயம் போரில் அழிந்துபோனது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. நல்லவேளையாக ஜே.பி. லூயிஸ் என்ற ஆங்கில அதிகாரி இலங்கைக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1913இல் நூலாக்கியிருந்தார். கல் போன இடத்தில் அந்தப் பட்டியல்தான் நமக்குக் கை கொடுக்கிறது.

இப்போதைக்கு ஒன்று செய். உன் அத்தையிடம் குடும்ப வேதாகமம் இருக்கிறதா என்று கேள். பிறப்பு, இறப்பு, கலியாணத் தேதிகளை அதன் வெற்றுப் பக்கங்களில் எழுதிவைக்கும் வழக்கம் பறங்கியர் வீடுகளில் உண்டு. அந்தப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பு. ஓரத்தில் பென்சிலால் எழுதியதையும் விடாதே. பெண்களின் பெயர்களிலிருந்து தொடங்குவோம்.

அன்புடன்,
மாமா