போர்டு விற்பவர்களே, அந்த ஒரு வரியை யார் எழுதியது?

போர்டு தயாரிக்கும் கம்பெனிகளில் டிவைஸ் ட்ரீ, அதாவது போர்டில் என்னென்ன எப்படி இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் கோப்பு, எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறோம். உங்களைப் போன்றவர்கள் விற்கும் சிறிய லினக்ஸ் போர்டுகளை வாங்கி, காசிமேட்டைச் சுற்றியுள்ள ஐஸ் கம்பெனிகளுக்குக் கண்காணிப்புக் கருவி செய்து கொடுப்பது எங்கள் பிழைப்பு. கம்ப்ரஸர் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது, அந்த அலையின் வடிவம் மாறுகிறதா, மோட்டார் படுக்கப் போகிறதா என்று முன்கூட்டியே சொல்லும் கருவி. கம்ப்ரஸர் நின்றால் ஐஸ் இல்லை. ஐஸ் இல்லாமல் விடியற்காலை ஏலத்துக்கு மீன் வந்து இறங்கினால் என்ன பேச்சு கேட்க வேண்டியிருக்கும் என்பதை இங்கே எழுத முடியாது.

நான் வாங்கிய போர்டு எந்தக் கம்பெனியுடையது என்று சொல்லப் போவதில்லை. இதே வேலையைப் பல பேர் செய்கிறீர்கள், அதனால் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். கருவியை மாட்டிய இரண்டாம் நாளே, கரண்ட் அலையின் நடுநடுவே பழைய அலையின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது, கிழிந்த சட்டையில் வேறு துணியில் ஒட்டுப்போட்ட மாதிரி. எப்போதும் இல்லை. ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடும், அப்புறம் நாலைந்து ஒட்டு வரிசையாக வரும். கருவி அதைப் பார்த்துவிட்டு ‘மோட்டாரில் கோளாறு’ என்று அலறும். மெக்கானிக் ஓடி வந்து பார்த்தால் மோட்டாருக்கு ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை அவர் மோட்டாரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

கடலோரத்தில் எது கெட்டாலும் முதல் பழி உப்புக் காற்றுக்குத்தான். கனெக்டர் எல்லாவற்றையும் மாற்றினோம். எர்த்தைப் புதிதாக அடித்தோம். ஷீல்டு ஒயர் இழுத்தோம், பவர் சப்ளையை மாற்றினோம். சந்தேகத்தில் டிரைவருக்குள், அதாவது சாதனத்தை இயக்கும் நிரலுக்குள், பிரிண்ட் வரிகளைச் சேர்த்தபோது கோளாறு மாயமாக மறைந்தது. பிரிண்டை எடுத்தால் திரும்ப வந்தது. பத்தொன்பது நாள் இப்படிப் போனது.

கடைசியில் ஒரு ராத்திரி, வேறு வழியில்லாமல், ஒட்டுப்போட்ட துண்டுகளின் நீளத்தை எண்ணினேன். 32 அளவீடுகள். அடுத்ததும் 32. அதற்கடுத்தது 64. எல்லாம் 32-இன் மடங்கில்தான் தொடங்கின. ஒரு அளவீடு 2 பைட், ஆக 32 அளவீடு 64 பைட். இந்த சிப்பில் ஒரு கேஷ் வரியின் நீளமும் அதேதான். அத்தோடு காற்றையும் எர்த்தையும் விட்டுவிட்டேன். உப்புக் காற்றுக்கு 64-ஆம் வாய்ப்பாடு தெரியாது.

இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பழைய மண்டிக் கணக்கில் பேரேடு ஒன்று இருக்கும், கணக்குப்பிள்ளையின் கையில் சிட்டை ஒன்று இருக்கும். பேரேடுதான் மெமரி, சிட்டைதான் கேஷ், சிட்டையின் ஒரு பக்கம்தான் கேஷ் வரி. பேரேட்டைத் திறந்து பார்க்க நேரமாகும் என்பதால் கணக்குப்பிள்ளை, அதாவது சிபியு, முடிந்தவரை சிட்டையைப் பார்த்தே பதில் சொல்வார். டிஎம்ஏ என்பது சிபியுவைக் கேட்காமல் சாதனம் நேராகப் பேரேட்டில் எழுதுவது. அப்படி எழுதிய பிறகும் கணக்குப்பிள்ளை தன் சிட்டையிலிருந்தே பதில் சொன்னால், அது நேற்றைய கணக்கு. எங்கள் வரைபடத்தில் வந்த ஒட்டுகள் இந்த நேற்றைய கணக்குதான். பிரிண்ட் வரிகள் சேர்த்தபோது சிட்டை வேறு விஷயங்களால் நிரம்பி, பழைய பக்கம் தானாக வெளியே போய்விட்டது. அதனால்தான் கோளாறு ஒளிந்துகொண்டது.

சில சிப்களில் இதற்கு வன்பொருளிலேயே ஏற்பாடு உண்டு. சாதனம் பேரேட்டில் எழுதும்போதே, ‘உன் சிட்டையில் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடு’ என்று சிபியுவுக்குச் சொல்லும் இணைப்பு உள்ளே இருக்கும். அப்படி இருந்தால் கெர்னலுக்கு, அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்கு, வேலை இல்லை. இல்லாவிட்டால், ஒவ்வொரு தடவையும் கெர்னலே அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டும். இந்த இணைப்பு இருக்கிறதா என்று கெர்னலால் வன்பொருளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. யுஎஸ்பி சாதனத்தைச் செருகினால் அது தன் பெயரைச் சொல்லும். சிப்புக்குள்ளேயே புதைந்திருக்கும் கன்ட்ரோலர் வாய் திறக்காது. அதற்காகத்தான் டிவைஸ் ட்ரீ. அதில் டிஎம்ஏ-கோஹெரன்ட் என்று ஒரு சொல் இருந்தால், இணைப்பு இருக்கிறது என்று கெர்னல் நம்பிக் கையைக் கட்டிக்கொள்ளும்.

எங்கள் போர்டின் கோப்பில் அந்தச் சொல் இருந்தது. சிப்பில் இணைப்பு இல்லை.

எப்படி வந்தது என்று தேடினேன். அதே குடும்பத்தின் பெரிய சிப்புக்கான கோப்பை அப்படியே நகலெடுத்து, பெயரையும் முகவரிகளையும் மாற்றியிருக்கிறீர்கள். பெரியதில் இணைப்பு உண்டு. சின்னதில் செலவைக் குறைக்க எடுத்துவிட்டார்கள். அந்த ஒரு வரியை நீக்கினேன். அன்றிலிருந்து ஒரு ஒட்டுகூட வரவில்லை.

இதைச் சொல்லி எழுதியபோது, ‘எங்கள் கெர்னலில் இந்தப் பிரச்சினை இல்லை, அதையே பயன்படுத்துங்கள்’ என்று பதில் வந்தது. சரி என்று உங்கள் கெர்னலைத் திறந்து பார்த்தேன். டிரைவருக்குள்ளேயே யாரோ கேஷைக் கையால் துடைக்கும் வரிகளை எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது, உங்களில் ஒருவருக்கு இந்தக் கோளாறு ஏற்கனவே தெரியும். கோப்பில் உள்ள தப்பைத் திருத்தாமல், அதற்கு மேல் துணி போட்டு மூடியிருக்கிறார். பொதுவான லினக்ஸ் கெர்னலை எடுத்து ஓட்டிய எங்களுக்குத் துணி இல்லை, தப்பு மட்டும் கிடைத்தது. தப்பு செய்ததைவிட இதுதான் எனக்குக் கோபம். தப்பு யாருக்கும் வரும்.

‘அப்படியானால் அந்தச் சொல்லை எங்கும் எழுதாமல் விட்டுவிடுகிறோம், வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதானே’ என்று யோசிக்காதீர்கள். இணைப்பு உள்ள சாதனத்தில் அதைச் சொல்லாமல் விட்டாலும் தப்பு வரலாம். ஆர்ம் வகை சிப்களில் கெர்னல் அந்த மெமரியைக் கேஷ் இல்லாத வழியில் திறந்து எழுதும். சாதனமோ இணைப்பு வழியாகப் போய், கேஷில் மிச்சமிருக்கும் பழைய வரியை எடுத்துவிடலாம். இன்னொரு வேடிக்கை: ஒன்றும் எழுதாவிட்டால் ஆர்மில் ‘இணைப்பு இல்லை’ என்று பொருள், பவர்பிசி என்ற இன்னொரு சிப் வகையில் ‘இருக்கிறது’ என்று பொருள். மௌனத்துக்குக்கூட ஊருக்கு ஊர் அர்த்தம் மாறுகிறது.

முகவரி விஷயமும் இதே மாதிரிதான். வண்ணாரப்பேட்டையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு ‘பழைய எண், புதிய எண்’ கூத்து தெரியும். வீடு ஒன்று, கதவில் எண் இரண்டு. கூரியர் பையன் ஒரு எண்ணைச் சொல்வான், பால்காரர் இன்னொன்றைச் சொல்வார், இரண்டும் சரி. மெமரிக்கும் இப்படி இரண்டு எண் இருக்கலாம். சிபியு ஓர் இடத்தை ஓர் எண்ணால் கூப்பிடும், சாதனம் அதே இடத்தை வேறு எண்ணால் கூப்பிடும். எது எதற்குச் சமம், சாதனத்தின் கை எவ்வளவு தூரம் எட்டும் என்று சொல்வதுதான் டிஎம்ஏ-ரேஞ்சஸ் என்ற பட்டியல்.

2019 ஜூனில் வந்த ராஸ்பெர்ரி பை 4 இதற்கு நல்ல உதாரணம். அதில் பல பழைய சாதனங்களுக்கு முதல் 1 ஜிபி மட்டும்தான் எட்டும். சிபியு சுழியம் என்று சொல்லும் இடத்தை அவை 3 ஜிபி தள்ளித்தான் கூப்பிடும். ஆரம்பத்தில் வந்த சிப்களில் வேகமான சாதனங்களை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பக்கத்துக்கு முதல் 3 ஜிபிக்கு மேல் கை எட்டாது, போர்டோ 4 ஜிபி வரை வந்தது. அது சிப்பின் குறை. ஆனால் அந்தக் குறை பட்டியலில் எழுதப்பட்டிருந்ததால் கெர்னல் சமாளித்தது. துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் நம் ஊரில் கப்பல் கரைக்கு வராது, நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், மசூலா படகில் சரக்கை மாற்றித்தான் கரை சேர்ப்பார்கள். கெர்னலும் அதையேதான் செய்கிறது. சாதனத்துக்கு எட்டும் இடத்தில் முதலில் இறக்கி, அங்கிருந்து தூக்கி உரிய இடத்தில் வைக்கிறது. நேரம் கூடும், சரக்கு நனையாது. குறையை எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் இதைச் சொன்னேன்.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஆப்பிளின் எம்1 சிப்புடையது. சிபியு ஒரு சாதனத்தின் ரெஜிஸ்டரில், அதாவது அதற்குக் கட்டளை இடும் சின்ன இடத்தில், எழுதுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தபால்பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவது. இன்னொன்று, ஒப்புகை அட்டை கைக்கு வரும்வரை காத்திருப்பது. ஆர்மில் லினக்ஸ் வழக்கமாக முதல் வகையில்தான் எழுதும். சாதனத்தைப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரிந்தே ஆக வேண்டிய இடத்தில், எழுதிய பிறகு அதே சாதனத்திலிருந்து எதையாவது ஒரு தடவை படித்துப் பார்ப்பார்கள். 2020 நவம்பரில் வந்த எம்1-இன் உள் சாதனங்கள் அந்த முதல் வகையை ஏற்பதே இல்லை. அப்படி எழுதினால் பிழைக்குறி எழும்பி எல்லாம் கவிழும். ஆனால் அதே சிப்பின் பிசிஐ எக்ஸ்பிரஸ் பக்கத்துக்கு வழக்கமான தபால்பெட்டி முறைதான் வேண்டும். ஆப்பிள் இதற்கு லினக்ஸ்காரர்களுக்குக் கையேடு எதுவும் தரவில்லை. ஆப்பிள் கணினிகளில் லினக்ஸை ஓட்டவைக்கும் அஸாஹி லினக்ஸ் குழுவினரே எழுதிப் பார்த்து, கவிழ்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள்.

அதற்கு அப்புறம் அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். ஒவ்வொரு டிரைவருக்குள்ளும் போய் ‘எம்1 என்றால் இப்படி’ என்று சொருகியிருக்கலாம். நீங்கள் அப்படித்தான் செய்திருப்பீர்கள். அவர்கள் அது பஸ்ஸின், அதாவது சிபியுவையும் சாதனங்களையும் இணைக்கும் பாதையின், குணம், டிரைவரின் குணம் அல்ல என்று புரிந்துகொண்டு, டிவைஸ் ட்ரீயில் அந்தப் பஸ்ஸின் பகுதியில் நான்போஸ்டட்-எம்எம்ஐஓ என்று ஒரே ஒரு சொல்லை வைத்தார்கள். அதைப் பார்த்தால் கெர்னல் தானாகக் காத்திருக்கும் வகையில் எழுதும். 2021 ஜூனில் வந்த 5.13 கெர்னலில் இது சேர்ந்தது. சிப்பைச் செய்யாதவர்கள், கையேடு இல்லாமல், இவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறார்கள். கையேட்டை மேசை மேல் வைத்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு என்ன தடை?

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. ரெஜிஸ்டரை ஒரு பைட்டாகத் தொடலாமா, நாலு பைட்டாகத்தான் தொட வேண்டுமா என்று சொல்லும் ரெக்-ஐஓ-விட்த் தப்பானால் சீரியல் கன்சோலில் ஓர் எழுத்துகூட வராமல் போகலாம். அது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். சத்தமில்லாமல் தப்பு செய்பவைதான் பயம்.  

‘நாங்கள் டிவைஸ் ட்ரீயைச் சோதிக்கும் டிடிபிஎஸ்-செக் ஓட்டிவிட்டுத்தான் வெளியிடுகிறோம்’ என்றும் உங்கள் பதிலில் இருந்தது. நல்லது, ஓட்டுங்கள். ஆனால் அது சொல் சரியான இடத்தில் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். சிப்புக்குள் இணைப்பு இருக்கிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்? விண்ணப்பத்தில் எழுத்துப்பிழை இல்லை என்பதால் வயது உண்மையாகிவிடாது. அதைச் சரிபார்க்க சிப் வடிவமைத்தவரிடம் ஒரு போன் போட்டுக் கேட்க வேண்டும், இல்லையென்றால் ஒரு சோதனை எழுதி ஓட்ட வேண்டும். சோதனை ரொம்பச் சுலபம்: மெமரியில் ஒரு பகுதியை, அதாவது ஒரு பஃபரை, சிபியுவால் படித்து கேஷில் ஏற்று, டிஎம்ஏவால் மேலே வேறு எண்களை எழுது, கேஷைத் துடைக்காமல் திரும்பப் படி. பழைய எண் ஒரு தடவை வந்தாலும் இணைப்பு இல்லை.

டிவைஸ் ட்ரீ நேற்று முளைத்ததல்ல. 1994-இல் ஐஇஇஇ 1275 என்ற தரநிலையாக ஆன, கணினியைத் தொடக்கும் நிரலான ஓப்பன் ஃபர்ம்வேரிலிருந்து வந்தது. ஆர்ம் பக்கம் போர்டுக்கு ஒரு சி மொழிக் கோப்பு என்று குவித்து வைத்ததைப் பார்த்து 2011-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கோபப்பட்ட பிறகுதான் நாம் எல்லோரும் இதற்கு மாறினோம். இப்போது கோப்பில் ஒன்றைச் சொல்லி, டிரைவருக்குள் அதற்கு நேர்மாறாகச் செய்தால், அந்தப் பழைய குப்பையே வேறு உறையில் வந்து நிற்கிறது.

எனவே கேட்பது இவ்வளவுதான். சிப்புக்குச் சிப் நகலெடுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் மெமரியைத் தொடும் ஒவ்வொரு சொல்லையும் அந்த சிப்பின் கையேட்டோடு வைத்துப் பாருங்கள். சிப்பின் குறைகளை எழுதிய தாளை வாங்குபவருக்குக் கொடுங்கள். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் தருவோம் என்றால், மூன்று பேர் உள்ள பட்டறை எந்த வக்கீலிடம் போகும்? டிரைவருக்குள் மறைத்து வைத்த வைத்தியங்களைத் தேடி எடுத்து, அவை எந்தத் தப்பை மூடுகின்றன என்று பார்த்து, தப்பைத் திருத்துங்கள்.

திருத்தத்தை ஏற்கனவே உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரே ஒரு வரி நீக்கம், காரணமும் சோதனையும் கூடவே இருக்கின்றன. இன்னொரு கேள்வியும் அதில் உண்டு, அதற்கு இன்னும் பதில் வரவில்லை. அதே கோப்பில் ஈத்தர்நெட், எஸ்டி கார்டு இரண்டின் பகுதியிலும் டிஎம்ஏ-கோஹெரன்ட் இருக்கிறது. அவற்றில் இணைப்பு உண்மையிலேயே இருக்கிறதா? நான் சோதித்துப் பார்த்ததில் இதுவரை ஈத்தர்நெட்டில் பழைய எண் வரவில்லை. எஸ்டி கார்டில் இரண்டு தடவை வந்தது, மூன்றாவது தடவை வரவைக்க முடியவில்லை. ஐஸ் கம்பெனியின் மொத்தப் பதிவும் அந்தக் கார்டில்தான் இருக்கிறது. ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். அடுத்த மாதம் இன்னும் ஆறு போர்டு வாங்க வேண்டும், அதற்குள் தெரிந்தால் நல்லது.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து உங்கள் போர்டை வாங்கிய ஒருவன்