டிவிடி மென்பொருளுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார்

அனுப்புநர்:
வீடியோ ஸ்டூடியோ உரிமையாளர்,
கும்பகோணம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: வீடியோ கோப்புகளை டிவிடியாக மாற்றும் தங்கள் மென்பொருளின் குறைபாடுகளும், பணத்தைத் திருப்பித் தர மறுத்ததும் குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். கும்பகோணத்தில் சின்னதாக ஒரு வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் என்று கூப்பிட்ட இடத்துக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவதுதான் பிழைப்பு. "இந்தக் காலத்தில் டிவிடி யார் சார் கேட்கிறார்கள்?" என்று உங்கள் சேவைப் பிரிவில் ஒருவர் என்னிடமே கேட்டார். கேட்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பென்டிரைவ் போதும். பெரியவர்கள் இருக்கும் வீட்டில், "எங்களுக்கு சிடியா போட்டுக் குடுத்துடுங்க தம்பி, பிளேயர் இருக்கு" என்றுதான் சொல்கிறார்கள். யாருமே கேட்காத பொருள் என்றால் அதற்கு நீங்கள் ஏன் மென்பொருள் விற்கிறீர்கள் என்பதையும் அவரிடமே கேட்டுச் சொல்லுங்கள்.

நான் விசாரிக்காமல் வாங்கவில்லை. 'சிறந்த 10 டிவிடி மென்பொருள்கள்' என்று ஒரு ஒப்பீட்டுக் கட்டுரையைப் படித்தேன். முதலிடம் உங்களுக்கு. இலவச மென்பொருளான ஹேண்ட்பிரேக்கால் டிவிடி உருவாக்க முடியாது என்று அதில் இருந்தது, அது உண்மைதான். மெனுவோடு டிவிடி உருவாக்கும் டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருளைப் புதியவர்களுக்குச் சிரமம் என்று ஒரே வரியில் தள்ளியிருந்தார்கள். வீடியோவை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றும் இலவச எஞ்சினான எஃப்எஃப்எம்பெக் பற்றிப் பேச்சே இல்லை. பணம் கட்டிய பிறகு உங்களோடு நடந்த கடிதப் போக்குவரத்தில்தான் அந்தக் கட்டுரை வெளியான தளமும் உங்களுடையதே என்று தெரியவந்தது. பரீட்சை எழுதியவரே விடைத்தாளையும் திருத்திக்கொண்டால் முதல் மார்க் யாருக்கு வரும்?

சரி, விளம்பரம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடலாம். என்னுடைய முக்கியமான புகார் சோதனைப் பதிப்பைப் பற்றியது. அது ஒவ்வொரு கோப்பிலும் முதல் 5 நிமிடத்தை மட்டும்தான் மாற்றித் தரும். அந்த 5 நிமிடத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. உங்கள் மென்பொருளின் பெரிய குறைகள் எல்லாம் நீளமான வீடியோவில் மட்டுமே வெளியே தெரிபவை. அதாவது, பணம் கட்டாமல் அவற்றைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

முதலில் ஒலி விலகல். ஓர் அறுபதாம் கல்யாணத்தில் மேடை ஓரம் ஸ்டாண்டில் செல்போனை நிறுத்தி, சடங்கு முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்திருந்தார்கள். அதை வெட்டாமல் தனி டிவிடியாகக் கேட்டார்கள். செல்போன் வீடியோவில் வினாடிக்கு இத்தனை பிரேம், அதாவது இத்தனை தனிப் படங்கள், என்பது நிலையாக இருக்காது. வெளிச்சத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். ஒவ்வொரு பிரேமுக்கும் உரிய நேரக்குறிப்பைப் பார்த்து மாற்றினால் சிக்கல் இல்லை. உங்கள் மென்பொருள் கோப்பு முழுவதும் ஒரே வேகம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. ஆரம்பத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. போகப் போக ஒலி முன்னால் ஓடிவிடுகிறது. கெட்டிமேளம் கொட்டி ஓய்ந்து, எல்லோரும் அட்சதை போட்டு முடிக்கும் சத்தமும் கேட்ட பிறகு, படத்தில் ஐயா சாவகாசமாக மாங்கல்யத்தைக் கையில் எடுக்கிறார். குடும்பமே உட்கார்ந்து பார்க்கும்போது சிரிப்பதா அழுவதா என்று சொல்லுங்கள்.

அடுத்தது இதைவிட மோசம். அதே விசேஷத்தின் எடிட் செய்த முழு வீடியோ மூன்று மணி நேரம் ஓடும். சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. மூன்று மணி நேரத்தை அதில் அடக்க வேண்டுமானால் ஒலியையும் சேர்த்து வினாடிக்கு எழுதும் தரவின் அளவைச் சுமார் 3.5 மெகாபிட்டுக்குள் வைத்தாக வேண்டும்; கால்குலேட்டரில் யாரும் போட்டுப் பார்க்கலாம். உங்கள் மென்பொருளோ 'உயர்தரம்' என்று காட்டிக்கொண்டு 5 மெகாபிட்டிலேயே நிற்கிறது. அந்தக் கணக்கில் வட்டு இரண்டு மணி நேரத்தைத் தாண்டியதுமே நிறைந்துவிடும். தரத்தைக் குறைக்கவா என்று கேட்கலாம், இரண்டு வட்டாகப் பிரிக்கவா என்று கேட்கலாம், 8.5 ஜிபி இரட்டை அடுக்கு வட்டு போடச் சொல்லலாம். எதுவும் செய்யாமல் நிறைந்த இடத்தோடு நறுக்கிவிட்டு, 'வெற்றிகரமாக முடிந்தது' என்று பச்சை டிக் போடுகிறது. பேரப்பிள்ளைகள் வரிசையாக வந்து காலில் விழுந்து ஆசி வாங்கும் பகுதி முழுக்கப் போயிற்று. வாடிக்கையாளர் வீட்டிலிருந்து போன் வந்துதான் எனக்கே தெரிந்தது.

என் கேமராவில் எடுத்த பகுதிகளில் வேறு கோளாறு. அது 1080, 50ஐ, இன்டர்லேஸ் முறை: ஒவ்வொரு பிரேமும் ஒன்றுவிட்டு ஒன்றான கோடுகளாக, மேல் ஃபீல்டு, கீழ் ஃபீல்டு என்று இரண்டு பாதியாகப் பதிவாகும். மேல் ஃபீல்டு முதலில் வரும். உங்கள் மென்பொருள் கீழ் ஃபீல்டை முதலில் வைத்து எழுதுகிறது. அசையாமல் நிற்பவர்கள் நன்றாகத் தெரிகிறார்கள். தவில் வாசிப்பவரின் கை மட்டும் முன்னும் பின்னுமாக உதறுகிறது. இதை மாற்ற மெனுவில் வழியே கிடையாது. போதாததற்கு, நிறுவியதும் தானாகவே என்டிஎஸ்சி என்ற வெளிநாட்டு டிவி முறையில், 720க்கு 480 அளவில், வினாடிக்கு 29.97 பிரேமில்தான் எழுதுகிறது. இந்தியா 'பால்' (PAL) என்ற டிவி முறையைப் பின்பற்றும் நாடு: 720க்கு 576, 25 பிரேம். ரூபாயில் விலை போடத் தெரிந்த மென்பொருளுக்கு இது தெரியாதா?

உங்கள் சேவைப் பிரிவின் பதில்களை இணைத்திருக்கிறேன். அழித்துவிட்டு மறுபடி நிறுவுங்கள் என்றார்கள். புதிய பதிப்புக்கு மாறுங்கள் என்றார்கள். கடைசியாக, இன்னும் விலை கூடிய 'அல்டிமேட்' பதிப்பை வாங்கினால் தீரலாம் என்றார்கள். தீரும் என்றுகூடச் சொல்லவில்லை. பணத்தைக் கேட்டதும், உரிமக் குறியீட்டைப் பயன்படுத்திவிட்டதால் திருப்பித் தர இயலாது என்று பதில். விற்பனைப் பக்கத்தில் '30 நாளில் பணம் வாபஸ்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. குறியீட்டைப் போடாமல் 5 நிமிடத்துக்கு மேல் சோதிக்க முடியாது. போட்டுவிட்டால் வாபஸ் கிடையாது. அப்படியானால் அந்த 30 நாள் யாருக்கு?

அப்புறம் ரசீதில் ஒரு விஷயம். 'பதிவிறக்கப் பாதுகாப்பு' என்று நான் கேட்காத ஒன்றுக்கும் பணம் பிடித்திருக்கிறீர்கள். அது முன்கூட்டியே டிக் செய்யப்பட்டு வருகிறது. சலுகை முடிய இன்னும் சில நிமிடம்தான் என்று ஓடும் கடிகாரம், பக்கத்தைத் திரும்பத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டிருக்கின்றன. கூடையில் சொல்லாமல் சேர்ப்பதும், பொய்யாக அவசரப்படுத்துவதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் மென்பொருள் நிறுவிய ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே இருப்பது எஃப்எஃப்எம்பெக். அதைச் சேர்த்து விற்பதில் தப்பில்லை. உரிமத்தின் நிபந்தனைகளைப் பின்பற்றினால் அதற்கு அனுமதி உண்டு. ஆனால் உங்கள் மென்பொருளில் எங்கேயும் அதன் பெயரையோ உரிமத்தையோ காணோம். கடைசியில் அதே எஃப்எஃப்எம்பெக்கை இலவசமாக இறக்கி, 'பால் டிவிடி' என்ற அதன் தயார் அமைப்பைக் கொடுத்து, வினாடிக்கான தரவு வேகத்தை மட்டும் 3.5 மெகாபிட்டுக்கு ஏற்பக் குறைத்தேன். மெனுவுக்கு டிவிடிஸ்டைலர், வட்டில் எழுத இம்க்பர்ன். ஒலியும் படமும் சேர்ந்தே வந்தன. மூன்று மணி நேரமும் ஒரே வட்டில் அடங்கியது. படம் கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கிறது, அந்த வேகத்துக்கு அவ்வளவுதான். ஆக, எஞ்சின் ஒழுங்காகத்தான் இருக்கிறது. அதற்கு மேல் நீங்கள் போட்டிருக்கும் மூடிதான் கோளாறு. நான் பணம் கொடுத்தது அந்த மூடிக்கு.

ஆகவே, கூடுதலாகப் பிடித்த 'பதிவிறக்கப் பாதுகாப்பு'க் கட்டணத்தையும் சேர்த்து முழுத் தொகையையும் நான் பணம் செலுத்திய கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். வருடாவருடம் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை ரத்து செய்து, அதை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். சோதனைப் பதிப்பை, நீளக் கட்டுப்பாட்டுக்குப் பதிலாக வாட்டர்மார்க் போட்டு முழுக் கோப்பையும் மாற்றித் தரும்படி அமையுங்கள். அடுத்து வாங்குகிறவராவது பார்த்து வாங்கட்டும்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். வெளிநாட்டில் பதிவு பெற்ற நிறுவனம் என்றாலும், இந்திய வாடிக்கையாளர்களுக்குத் தொடர்ந்து விற்பனை செய்தால் அந்த விதிகள் பொருந்தும். தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று பதில் வந்தால், இப்போதே சொல்லிவிடுகிறேன்: பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் வாங்கும் பொருளுக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கு தந்திருக்கிறது. அதே சட்டப்படி, நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டேன். உங்கள் பதில் ஒரு மாதத்துக்குள் வராவிட்டால், ரசீது, திரைப் பதிவுகள், கோளாறான டிவிடியின் பிரதி எல்லாவற்றோடும் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கும்பகோணம்.