நாளைய ஓய்வு நாள் பற்றிய அறிவிப்பு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நாளை நமது பயணத்தில் ஓய்வு நாள் என்பதால், நுவரெலியாவிலிருந்து பதுளை வீதி வழியாகச் சென்றுவர விரும்புவோருக்காகக் காலை 7.30 மணிக்கு விடுதி வாசலில் வான் ஒன்று நிற்கும். முதலில் சீதா எலிய சீதையம்மன் கோயிலுக்குச் சென்று, அதனை ஒட்டி ஓடும் ஆற்றின் பாறையில் அனுமனின் பாதச் சுவடுகள் எனக் காட்டப்படும் குழிகளைப் பார்த்துவிட்டு, 1861இல் சிங்கோனாப் பயிர்ச்செய்கைக்காகத் தொடங்கப்பட்ட ஹக்கல தாவரவியல் பூங்காவுக்குச் செல்வோம். மலேரியாவுக்கான கொயினா (குயினைன்) மருந்து சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்துதான் கிடைக்கிறது.

பிற்பகலில் அம்பேவெல பால் பண்ணை. மாடுகளைப் பார்த்த பின், அங்குள்ள விற்பனைக் கூடத்தில் பாலும் சீஸும் வாங்கலாம். வீதியோரக் கடைகளில் மண் ஈரம் காயாத லீக்ஸும், தழையோடு கட்டித் தொங்கவிட்ட கரட்டும் கண்ணில் பட்டவுடன் வானை நிறுத்தச் சொல்லத் தோன்றும். மரக்கறியைத் திரும்பும் வழியில் வாங்குவதே நல்லது. ஸ்ட்ரோபெரிக்கு இது இன்னும் பொருந்தும். சென்ற முறை காலையிலேயே வாங்கிய எனக்கு, மாலையில் பைக்குள் ஜாம்தான் மிஞ்சியது.

வர விரும்புவோர் இன்றிரவு 8 மணிக்குள் இக்குழுவில் பெயரைப் பதிவு செய்யுங்கள். அம்பேவெலயில் குளிர்காற்று பலமாக வீசும் என்பதால் ஸ்வெட்டரையும், பொருள் வாங்கத் துணிப்பையையும் எடுத்து வாருங்கள்.