கவந்தியைத் தைத்தவரின் பெயர்

நாட்டின் கலை, கைவினை அருங்காட்சியகங்களின் காப்பாட்சியர்களுக்கு வணக்கம்.

கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பகுதிகளில் வாழும் சித்தி சமூகப் பெண்கள் பழந்துணிகளைக் கொண்டு தைக்கும் 'கவந்தி' என்ற போர்வையைக் குறித்து ஒரு வேண்டுகோள் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். (நம் காதுக்குச் சித்தி என்றால் அம்மாவின் தங்கை, இவர்களோ ஆப்பிரிக்காவிலிருந்து, பெரும்பாலும் அடிமைகளாக, கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள்.)

கவந்திக்கு முன்கூட்டி வரைந்த கோலம் கிடையாது. அடியில் பழைய சேலையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, விளிம்பையொட்டித் துண்டுகளை வைத்து ஓரம் மடித்துத் தைத்தபடியே சுற்றிச் சுற்றி உள்ளே நகர்ந்து நடுவில் வந்து முடிக்கிறார்கள். எந்தச் சிவப்புக்கு அருகில் எந்த நீலம் என்பதைக் கையில் இருக்கும் துணியும் தைப்பவரின் கண்ணும் அந்த நொடியில் தீர்மானிக்கின்றன. அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஓட்டுத் தையலே வரிவரியாக ஓடி அலங்காரமாகவும் அமைகிறது. கடைசியாக நான்கு மூலைகளிலும் மடித்த முக்கோணத் துண்டுகளை வைப்பார்கள். அவற்றுக்குப் பூ என்றே பெயர். பூ வைக்காத கவந்தி அவர்கள் கணக்கில் முடிந்த கவந்தி ஆகாது. அந்தப் பூவால் குளிர் இம்மியும் குறைவதில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். இதை வெறும் பயன்பாட்டுப் பொருள் என்று வகைப்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் இத்தகைய துணிகளுக்கு நான் பார்த்த விவரச்சீட்டுகளில் வட்டாரமும் சமூகமும் இருந்தன. தைத்தவர் பெயர் இல்லை. அமெரிக்காவின் அலபாமாவில், கீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பின்னர் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் தைத்தவர்களின் பெயர்களோடு சுவரேறின. மறைந்த கணவரின் வேலை உடைகளைக் கொண்டு 1942இல் ஒரு போர்வை தைத்த மிசூரி பெட்வேயை இன்று பெயர் சொல்லி அறிய முடிவது அதனால்தான்.

கவந்தி தைப்போர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே வாங்கும்போதே தைத்தவரிடம் பெயரையும் ஊரையும், எவர் எவருடைய உடைகள் அதில் இருக்கின்றன என்பதையும் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். காட்சிக்கு வைக்கும்போது, தையலின் போக்கு தெளிவாகத் தெரியும் பின்புறத்தையும் பார்வையாளர் காண வழிசெய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கூடங்களுக்கு அடிக்கடி வரும் ஒரு பார்வையாளர்