பொதுக் கம்போனென்ட் நூலகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் நூலகம் பொத்தான், அட்டவணை போன்ற திரைத் துண்டுகளை (கம்போனென்ட்களை) ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் மேல் கட்டித் தருகிறது. எந்த ரியாக்ட் பதிப்போடு அது ஓடும் என்று சொல்லும் பியர் டிப்பெண்டென்சியில் "ரியாக்ட் 18-உம் அதற்கு மேலும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் எல்லாக் குழுக்களும் 19-க்கு ஏறின. பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஃபங்ஷனாக எழுதிய கம்போனென்ட்களில் டீஃபால்ட்பிராப்ஸை, அதாவது பிராப்ஸ் (கம்போனென்டுக்குத் தரும் மதிப்புகள்) வராதபோது எடுக்கும் முன்னிருப்புகளை, ரியாக்ட் 19 கண்டுகொள்வதில்லை. பிராப்ஸின் வகையைச் சரிபார்க்கும் பிராப்டைப்ஸையும் சத்தமில்லாமல் தாண்டிப் போகிறது. இது திடீர் இடி அல்ல. 18.3 பதிப்பு டீஃபால்ட்பிராப்ஸ் போகப்போகிறது என்று கன்சோலில் சிவப்பாகவே கத்தியது.

அட்டவணைக் கம்போனென்டை மட்டும் பாருங்கள். பேஜ்சைஸ் (ஒரு பக்கத்துக்கு எத்தனை வரிசை) தராவிட்டால் 20 என்பது டீஃபால்ட்பிராப்ஸில் இருந்தது. இப்போது அது அன்டிஃபைன்ட், அதாவது மதிப்பே இல்லை. மொத்த வரிசைகளை அதால் வகுத்தால் விடை நேன் (NaN, "எண் அல்ல"). பக்கப் பொத்தான்கள் காணாமல் போகின்றன. ஒரு பக்கத்துக்கான வரிசைகளை வெட்டித் தரும் ஸ்லைஸின் இரு முனைக்கும் நேன் போகிறது. ஸ்லைஸ் அதை 0 என்று எடுத்துக்கொண்டு வெற்று அரேயை (பட்டியலை) தருகிறது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. பிரௌசரின் நெட்வொர்க் டேபில் டேட்டா முழுதாக நிற்கிறது, திரையிலோ "பதிவுகள் இல்லை". பழி, டேட்டாவை அனுப்பும் ஏபிஐ எழுதியவர்கள் தலையில்.

கேட்பது இதுதான்: முன்னிருப்பு மதிப்பை ஃபங்ஷன் பாராமீட்டரிலேயே எழுதுங்கள், பிராப்ஸுக்கு டைப்ஸ்கிரிப்ட் டைப் (கம்பைல் ஆகும்போதே சரிபார்க்கும் வகை) கொடுங்கள். எழுதும்போது ஒரு கவனம். வரிசைகளுக்கு "ரோஸ் = []" என்று அப்படியே போட்டால் திரையை வரையும் ஒவ்வொரு ரெண்டரிலும் புது அரே பிறக்கும்; அதை டிப்பெண்டென்சியாக வைத்த யூஸ்எஃபெக்ட் (அது மாறும்போதெல்லாம் ஓடும் கோடு) ஓடிக்கொண்டே இருக்கும். வெற்று அரேயைக் கம்போனென்டுக்கு வெளியே ஒரு கான்ஸ்டாக (மாறிலியாக) வையுங்கள். நல் (null, வேண்டுமென்றே தரும் வெற்று மதிப்பு) வந்தால் முன்னிருப்பு வேலை செய்யாது என்பதையும் ஆவணத்தில் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

பொத்தானைப் பற்றிப் பேச வேண்டாம் என்றுதான் நினைத்தோம். இஸ்பிரைமரி, இஸ்டேஞ்சர், இஸ்லிங்க் மூன்றையும் ஒரே நேரத்தில் ட்ரூ என்று கொடுத்தால் அது என்ன பொத்தான்? அபாயகரமான, முதன்மையான இணைப்போ? வேரியன்ட் என்ற ஒரே பிராப் போதாதா? சரி, அது இன்னொரு நாளைக்கு.

முன்னிருப்பைப் பாராமீட்டருக்கு மாற்றுங்கள், டைப் கொடுங்கள் என்று மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். டைப் வந்ததும் பழைய அழைப்புகள் சில கம்பைல் ஆகாது. ஆகவே பழையதை உடைக்கும் மாற்றத்துக்கான மேஜர் பதிப்பாகவே வெளியிடுங்கள். அதுவரை பியர் டிப்பெண்டென்சியை 19-க்குக் கீழே நிறுத்தி, இன்றே ஒரு பேட்ச் (சிறு திருத்தப் பதிப்பு) விடுங்கள். அது ஒரு வரி மாற்றம்தான்.

இப்படிக்கு,
உங்கள் கம்போனென்ட்களை இம்போர்ட் செய்பவர்கள்