பெர்கனில் முகப்போடு நின்றுவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த நார்வே கப்பல் பயணக் கட்டுரையைப் படித்தேன். மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே நீளும் ஃபியோர்டுகளைப் பற்றி எழுதியதெல்லாம் சரி. ஆனால் பெர்கன் நகரை, வண்ண மர வீடுகள், மீன் சந்தை, மலை ரயில், அரை நாள் போதும் என்று மூன்றே வரியில் முடித்துவிட்டது மனதுக்கு ஒப்பவில்லை. நானும் கப்பலில் போய் ஒரு பகல் அங்கே இறங்கியவன்தான். அந்த மர வீடுகளை எதிரே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் கால்வாசி கூடப் பார்த்ததாகாது.

பிரிக்கன் என்ற அந்தத் துறைமுக வரிசையில், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே சந்துகள் உள்ளே போகின்றன. காலடியில் மரப்பலகை, தலைக்கு மேல் மரத் தாழ்வாரம், மூட்டை தூக்குவதற்கு நீட்டிக்கொண்டிருக்கும் உத்திரங்கள். 14ஆம் நூற்றாண்டில் ஹன்சா எனப்பட்ட ஜெர்மானிய வணிகர்கள் கிடங்கு போட்ட இடம் இது. என்ன சரக்கு என்கிறீர்களா? கருவாடு! வடக்கே லோஃபோட்டன் பக்கம் பிடித்த காட் மீனை உப்பே போடாமல் குளிர்காற்றில் கட்டையாகக் காயவைத்துப் படகில் கொண்டுவருவார்கள். தானியம் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். நோன்புக் காலத்தில் இறைச்சி தொடாத ஐரோப்பாவில் அந்த மீனுக்கு அவ்வளவு கிராக்கி.

எல்லாம் மரம் என்பதால் வீடுகளுக்குள் நெருப்பு மூட்டத் தடை. நார்வேயின் குளிர்காலத்தில்! சமைக்க, சாப்பிட, குளிர்காய எல்லோரும் பின்பக்கம் தனியே இருந்த கூடங்களுக்குத்தான் போக வேண்டும். ஷோட்ஸ்டூவனே என்ற அந்தக் கூடங்களை இன்று அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அந்த வணிகர்களுக்குக் கல்யாணமும் கூடாதாம், பாவம். இத்தனை கட்டுப்பாடு இருந்தும் 1702-இல் தீ எல்லாவற்றையும் தின்றுவிட்டது. பழைய வரிசை மாறாமல் திரும்பக் கட்டினார்கள். 1979-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது அப்படி எழுந்ததுதான்.

1955-இல் மறுபடி ஒரு பகுதி எரிந்தது. அந்த இடத்தைத் தோண்டியபோது ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்து கீறிய மரக்குச்சிகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. சரக்கில் கட்டிய பெயர்ச்சீட்டு, பிரார்த்தனை, காதல் என்று எல்லாம் உண்டு. ஒரு குச்சியில், ‘நீ வீட்டுக்குப் போகணுமாம், கீடா சொல்கிறாள்’ என்று இருக்கிறது. குடித்துக்கொண்டிருந்த யாருக்கோ போன சேதியாக இருக்கும் என்று நினைக்கிறேன். மீன் சந்தையை விட்டுவிட்டு இதற்கு ஒரு மணி நேரம் கொடுக்கலாம். சந்தையில் விலை வேறு கையைக் கடிக்கும்.

கப்பலில் விற்கும் பேருந்துச் சுற்றுலாவுக்கும் அவசியமில்லை. எங்களோடு வந்த சிலர் அதற்குப் பணம் கட்டி, பிரிக்கனை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்தார்கள். கோட்டையை ஒட்டிய ஸ்கோல்டன் துறையில் கப்பல் நின்றால் நடந்தே போய்விடலாம். வழியிலேயே 13ஆம் நூற்றாண்டு ஹோக்கோன் மன்னரின் விருந்து மண்டபம் இருக்கிறது. 1918 முதல் ஓடும் ஃப்ளோயன் மலை ரயிலைக் குறை சொல்ல மாட்டேன். மேலே மேகம் மூடாமல் இருந்தால் ஏறுங்கள்.

இன்னொன்று. கட்டுரையாளர் பரிந்துரைத்த ஹன்சா அருங்காட்சியகத்தின் பழைய மரக் கட்டடத்தை 2018-இல் சீரமைப்புக்காக மூடினார்கள். போகிறவர்கள் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. அப்புறம், வருடத்தில் பாதிக்கு மேல் மழை பெய்யும் ஊர் அது. குடையை நம்பாமல் மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்