லீவுச் சம்பளம் நிற்பதற்கு முன்பே சொல்லுங்கள்: சம்பளப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

மில்களிலும் கம்பெனிகளிலும் சம்பளப் பிரிவைப் பார்ப்பவர்களுக்கு, வணக்கம்.

தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மனு எழுதிக் கொடுப்பவர்கள் நாங்கள். "லீவு தீர்ந்துபோச்சு, இனிமே இ.எஸ்.ஐ.யில பார்த்துக்கோங்க" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிடாதீர்கள். அதற்குள் பாதிக் காரியம் கெட்டுப்போயிருக்கும்.

சம்பளத்தோடு லீவு இருக்கும்வரை தொழிலாளி வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் காட்டுகிறார். லீவு தீர்ந்து சில நாள் கழித்துத்தான் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போகிறார். அங்குள்ள டாக்டர் தான் பார்த்த நாளிலிருந்துதான் சான்று எழுதுவார். நடுவில் போன நாட்களுக்குச் சம்பளமும் இல்லை, இ.எஸ்.ஐ. தரும் நோய்க்கால உதவித்தொகையும் இல்லை. தனியார் டாக்டரின் சீட்டைக் கொண்டுபோனால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம் அதை அப்படியே ஏற்காது, இ.எஸ்.ஐ. மருத்துவரின் கருத்தைக் கேட்கும். சம்பளம் தருகிற லீவு நாளுக்கு உதவித்தொகை கிடையாதுதான். ஆனாலும் படுத்த முதல் நாளே டிஸ்பென்சரியில் பதிவாகட்டும். முதல் சான்று, இடைச் சான்றுகள், கடைசியில் வேலைக்குத் தகுதி என்கிற இறுதிச் சான்று: இந்தச் சங்கிலி அறுந்தால் அறுந்த நாட்களுக்குப் பணம் வராது.

தொகை சிறிதல்ல. ஒருவரின் சராசரி நாள் கூலி 600 ரூபாய் என்று வையுங்கள். அதில் 70 சதவீதம், நாளைக்கு 420 ரூபாய். ஆண்டுக்கு 91 நாள்வரை என்றால் 38,220 ரூபாய். நோயின் முதல் 2 நாளுக்குக் கிடையாது. முந்தைய நோய்க்காலம் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் அந்தப் பிடித்தமும் இல்லை.

இனி உங்கள் மேசையில் நடக்கும் தவறுக்கு வருகிறோம். மார்ச்சில் படுப்பவருக்கு முந்தைய ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இ.எஸ்.ஐ.க்குக் கட்டிய சந்தாதான் கணக்கு. அந்த ஆறு மாதத்தில் 78 நாளுக்குச் சந்தா இருக்க வேண்டும். மாதாமாதம் ஏற்றும்போது நாட்கள் கட்டத்தில் 26 என்பதற்குப் பதில் 6 என்று விழுந்து, மொத்தம் 78-க்குக் கீழே போனால் பணம் சரியாகக் கட்டியிருந்தும் மனு தள்ளுபடியாகும். தன் கூலியிலிருந்து 0.75 சதவீதம் விடாமல் கொடுத்தவர் ஒற்றை எண் பிழையால் வெறுங்கையோடு திரும்புவது எவ்வளவு பெரிய அநியாயம்! ஒவ்வொரு மாதமும் ஏற்றுவதற்கு முன் வருகைப் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள்.

அடுத்தது, அவர் வேலைக்கு வரவில்லை என்று நீங்கள் உறுதிசெய்து தரும் சான்று. கிளை அலுவலகம் கேட்டுக் கடிதம் அனுப்பினால் அன்றே பதில் எழுதுங்கள். எந்தெந்த நாளுக்குச் சம்பளம் கொடுத்தீர்கள் என்பதைத் தேதிவாரியாகக் குறியுங்கள். பொங்கல் மாதிரி சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் அதில் வர வேண்டும். அதை விட்டுவிட்டால் கூடுதலாகப் போன தொகையைப் பிறகு தொழிலாளியிடம்தான் திரும்பக் கேட்பார்கள்.

91 நாள் முடிந்ததும் பெயரை அடித்துவிடாதீர்கள். காசநோய், புற்றுநோய் உட்படப் பட்டியலில் உள்ள 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம் என்ற கூடுதல் உதவி தொடர்கிறது. 2 ஆண்டுத் தொடர் வேலையும், முந்தைய நான்கு சந்தாக் காலங்களில் (ஆறு மாதம் ஒரு காலம்) 156 நாள் சந்தாவும் அதற்கு வேண்டும். உதவித்தொகை வாங்கும் காலத்தில் ஆளை வேலையிலிருந்து நீக்கச் சட்டம் பொதுவாக இடம் தரவில்லை.

ஒருவர் மூன்றாம் நாளும் வரவில்லையென்றால் அவர் வீட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டு அனுப்புங்கள், தமிழில். அவருடைய பத்து இலக்க இ.எஸ்.ஐ. எண், டிஸ்பென்சரியின் பெயர், சம்பளத்தோடு லீவு எந்தத் தேதியோடு முடிகிறது, இ.எஸ்.ஐ.யில் பதிவாகியுள்ள வங்கிக் கணக்கின் கடைசி நான்கு எண்கள். இவ்வளவு போதும்.

இப்படிக்கு,
இ.எஸ்.ஐ. மனுக்களுக்கு உதவுவோர்